சேகோ ஆலைத் தொட்டி கேட்பது கல்ச்சர் அல்ல, தழைச்சத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம், ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். கிழங்கு வரத்து கூடியதும், காற்றடித்துப் பாக்டீரியாவைக் கொண்டு கழிவைத் தின்ன வைக்கும் ஏரேஷன் தொட்டி நுரைத்துப் பொங்குகிறது, ஸ்லட்ஜ் என்ற பாக்டீரியாச் சேறு அடியில் படியாமல் வெளியேறும் நீரோடு போய்விடுகிறது என்று அதில் சொல்லியிருப்பது சரி. ஆனால் பாக்டீரியா செத்துப்போனதுதான் காரணம், புதுக் கல்ச்சர் (கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடி) வாங்கி ஊற்றுவதே வழி என்று முடித்திருப்பது சரியல்ல. செத்த பாக்டீரியா ஸ்லட்ஜைக் கொழகொழவென்று ஆக்காது. அது உயிரோடு இருக்கிற பாக்டீரியா செய்யும் வேலை. அதிலும், வயிறு நிறைய மாவு இருந்தும் பட்டினி கிடக்கிற பாக்டீரியா செய்யும் வேலை.

குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ மாவு. புரதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். மாவு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெயருக்குத்தான். ஆனால் அந்த மாவைத் தின்னும் பாக்டீரியாவின் உலர் எடையில் சுமார் 12 சதவீதம் தழைச்சத்து, 2 சதவீதம் மணிச்சத்து. 100 கிலோ பிஓடி-யை (பாக்டீரியா தின்னக்கூடிய கழிவை, அதற்கு வேண்டிய ஆக்சிஜனால் அளக்கும் அளவு) தின்றால் ஏறக்குறைய 40 கிலோ புதிய பாக்டீரியா உருவாகும். 40 கிலோவில் 12 சதவீதம் என்றால் 5 கிலோ தழைச்சத்து. ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர்கள் மனப்பாடமாகச் சொல்லும் 100:5:1 என்ற பிஓடி, தழை, மணி விகிதம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஏரேஷன் தொட்டிக்கு வரும் சேகோ கழிவுநீரில் அந்த ஐந்து இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிஓடி, சிஓடி (வேதி முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை), பிஎச் மூன்றுக்கும் ரிப்போர்ட் இருக்கும். அம்மோனியா, பாஸ்பேட் கட்டங்கள் காலியாக இருக்கும்.

இனி, தழைச்சத்து இல்லை என்பது பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது, தெரிந்ததும் அது என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தொட்டியில் நடப்பது முழுக்க அதில் அடங்கியிருக்கிறது.

பாக்டீரியாவுக்குப் பசி என்பது ஒரே பசி அல்ல. கார்பனுக்கு ஓர் எச்சரிக்கை மணி, தழைச்சத்துக்கு ஒரு மணி, மணிச்சத்துக்கு ஒரு மணி, அமினோ அமிலத்துக்குத் தனி மணி என்று வகைக்கு ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்த சேதிகள் இவை. ஏரேஷன் தொட்டியில் வேறு பல இனங்கள் வாழ்கின்றன. இனத்துக்கு இனம் மணியின் பெயரும் வயரிங்கும் மாறும். ஆனால் இந்த மாதிரி ஏற்பாடு பாக்டீரியா உலகில் பரவலாக உண்டு.

தழைச்சத்து மணியைப் பாருங்கள். வெளியே தண்ணீரில் எவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்று ஈ.கோலை நேரடியாக அளப்பதில்லை. தன் உடலுக்குள் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்து அன்றைய வியாபாரத்தைக் கணிக்கும் கடைக்காரர் மாதிரி. குளூட்டமின் குறைந்தால் ஒரு நொதி, பி-டூ என்ற சிறு புரதத்தின் மேல் யுஎம்பி என்ற அடையாளச் சீட்டை ஒட்டுகிறது. சீட்டு ஒட்டாத பி-டூ, என்டிஆர்-பி என்ற புரதத்தை அடக்கி வைத்திருக்கும். சீட்டு ஒட்டியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. விடுபட்ட என்டிஆர்-பி, செல்லின் சக்தி நாணயமான ஏடிபி-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துத் தன்னிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றி, அதை என்டிஆர்-சி என்ற கூட்டாளியின் கையில் கொடுக்கிறது. பாஸ்பேட் ஏறிய என்டிஆர்-சி டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து, தழைச்சத்தை எங்கிருந்தாவது உறிஞ்சி வரும் ஜீன்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. ஒன்று உணர, மற்றொன்று செயல்பட என்று இப்படி இரண்டிரண்டாக வேலை செய்யும் ஜோடிகள் ஈ.கோலையில் மட்டும் சுமார் 30 உண்டு.

திறக்கப்படும் ஜீன்களில் முக்கியமானது குளூட்டமின் சிந்தடேஸ் என்ற நொதிக்குரியது. அம்மோனியா தாராளமாக இருக்கும்போது பாக்டீரியா வேறொரு நொதியால், செலவில்லாமல் அதைப் பிடித்துக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் அந்த மலிவு வழி பயன்படாது. அப்போது இந்த நொதி துளித்துளியாகக் கிடைக்கும் அம்மோனியாவையும் விடாமல் பிடிக்கும். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு ஏடிபி செலவு. ஆக, தழைச்சத்து குறைந்த தொட்டியில் பாக்டீரியா அதே வளர்ச்சிக்குக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. அந்தச் சக்திக்கான ஆக்சிஜன் காற்றடிக்கும் உங்கள் ப்ளோயரிலிருந்துதான் வர வேண்டும்.

இதற்கும் மேலே ஒரு பெரிய மணி இருக்கிறது. புரதம் கட்டும் ரிபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது டிஆர்என்ஏ. சரக்கு இல்லாமல் வெறுங்கையோடு ஒரு டிஆர்என்ஏ வந்து ரிபோசோமின் வாசலில் நின்றால், அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ரெல்-ஏ என்ற நொதி விழித்துக்கொண்டு பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறை உற்பத்தி செய்யும். 1969-ல் மைக்கேல் காஷெல், ஜோனதன் காலண்ட் இருவரும் பட்டினி போட்ட பாக்டீரியாவின் சாற்றைப் பிரித்துப் பார்த்தபோது படத்தில் எதிர்பாராத இரண்டு புள்ளிகள் தெரிந்தன. 'மாயப் புள்ளி' என்று அன்று வைத்த பெயர் இன்றும் ஆய்வகப் பேச்சில் இருக்கிறது. இந்த மூலக்கூறு ஓரிரு நிமிடத்துக்குள் செல் முழுவதும் ஏறி, ஆர்என்ஏ எழுதும் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. புது ரிபோசோம் கட்டும் வேலை நிற்கிறது. அமினோ அமிலம் தயாரிக்கும் ஜீன்கள் சூடுபிடிக்கின்றன. வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தழைச்சத்துப் பசியில் என்டிஆர்-சி திறக்கும் ஜீன்களில் இந்த ரெல்-ஏ ஜீனும் ஒன்று என்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2014-ல் காட்டியது. சின்ன மணி அடித்தால் பெரிய மணியின் கயிறும் சேர்ந்து இழுபடும்படி கட்டியிருக்கிறது.

இப்போது தொட்டிக்கு வருவோம். பெரிய மணி அடித்து வளர்ச்சி நின்றுவிட்டது. ஆனால் மாவுத் தண்ணீர் வருவது நிற்கவில்லை. வீட்டுக்கு அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, பருப்பு ஒரு பிடி இல்லை என்ற நிலை. புரதம் கட்ட வழியில்லாத பாக்டீரியா, வரும் கார்பனை முதலில் கிளைக்கோஜனாகவும் பிஎச்பி என்ற கொழுப்பு மாதிரியான உருண்டைகளாகவும் உள்ளே அடுக்கும். மிச்சத்தை மாவுச்சர்க்கரைப் பசையாக வெளியே தள்ளிவிடும். அந்தப் பசை தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் ஸ்லட்ஜ் கஞ்சி மாதிரி மிதந்துகொண்டே இருக்கிறது, கிளாரிஃபையர் என்ற படிவுத் தொட்டியில் படிய மறுக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு லிட்டர் அளவு உருளையில் ஏரேஷன் தொட்டித் தண்ணீரை நிரப்பி 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். ஸ்லட்ஜ் 250 மில்லியில் படிந்து, லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் திடப்பொருள் இருந்தால், படிவுக் குறியீடு 250 பெருக்கல் 1,000 வகுத்தல் 2,500, அதாவது 100. நல்ல தொட்டி. அதே 2,500 மில்லிகிராமில் 800 மில்லியிலேயே நின்றுவிட்டால் குறியீடு 320. 150-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய இந்தியன் இங்க் சோதனை போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ஸ்லட்ஜ், ஒரு துளி இங்க், மேலே கவர் ஸ்லிப். ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பாருங்கள். சரியான ஸ்லட்ஜில் கறுப்பு மை துகள்களுக்கிடையே பாக்டீரியா வரைக்கும் ஊடுருவிப் போயிருக்கும். பசை கட்டிய ஸ்லட்ஜில் மை உள்ளே நுழைய முடியாமல், கறுப்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பெரிய திட்டுகள் தெரியும். அந்த வெள்ளைதான் பசை. வெள்ளைத் திட்டு இல்லாமல் நூல் நூலாகப் பின்னிக்கிடந்தால் அது இழை பாக்டீரியாவின் தொல்லை. அதற்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம், காற்றுக் குறைவும், அழுகி வந்த நீரில் உள்ள சல்ஃபைடும் காரணமாகலாம். எல்லாப் பழியையும் யூரியா இல்லாததன் தலையில் போட வேண்டாம்.

மணிச்சத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒரு எண் தவிர. ஈ.கோலையில் போ-ஆர், போ-பி என்ற ஜோடி இதைப் பார்த்துக்கொள்கிறது. வெளியே பாஸ்பேட் சுமார் 4 மைக்ரோமோலாருக்குக் கீழே போனால் மணி அடிக்கும். லிட்டர் கணக்கில் மாற்றினால் 0.12 மில்லிகிராம் மணிச்சத்து. கிளாரிஃபையரிலிருந்து வெளியேறும் நீரில் 0.3 முதல் 0.5 மில்லிகிராம் பாஸ்பேட் மணிச்சத்து மிச்சம் இருக்கட்டும் என்று ஈடிபி கையேடுகள் சொல்வது, அந்த மணி அடிக்கும் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வழியில் வந்த எண்கள், பொருந்தி நிற்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அம்மோனியா தழைச்சத்து 1 மில்லிகிராம் மிச்சம் இருந்தால் போதும்.

கல்ச்சர் ஏன் உதவாது என்பதற்கு ஒரு கணக்கு. 200 கன மீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் ஸ்லட்ஜ் என்றால், உலர் எடையில் 600 கிலோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கடையில் விற்கும் ஒரு கிலோ பொடியில் பெரும்பகுதி தவிடோ டால்கமோதான். 600 கிலோ பட்டினிப் பட்டாளத்துக்கு நடுவே சில கிராம் புது ஆட்களை இறக்கினால் அவர்களுக்கும் அதே பட்டினிதான். இறங்கிய சிறிது நேரத்தில் அவர்களுடைய மணியும் அடிக்கத் தொடங்கிவிடும். வெல்லம் கரைத்து ஊற்றுவது இதைவிட மோசம். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கார்பனோடு இன்னும் கார்பன் சேர்கிறது, பசை கூடுகிறது. சாணக் கரைசல், ஏரேஷனுக்கு முன்னால் காற்றில்லாமல் இயங்கும் பயோகேஸ் கலனைப் புதிதாகத் தொடங்க நல்லது. ஏரேஷன் தொட்டியின் இந்த நோய்க்கு அது மருந்தல்ல.

செய்ய வேண்டியது இது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர், அதில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் பிஓடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 கிலோ. பயோகேஸ் கலன் அதில் 80 சதவீதத்தை எடுத்துவிட்டால் ஏரேஷனுக்கு வருவது 60 கிலோ. அதற்குத் தழைச்சத்து 3 கிலோ, மணிச்சத்து 0.6 கிலோ வேண்டும். பயோகேஸ் கலனிலிருந்து வரும் நீரில் ஏற்கெனவே கொஞ்சம் அம்மோனியா இருக்கும். சோதனையில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் வந்தால் அது 1.5 கிலோ, மீதி 1.5 கிலோவை மட்டும் கொடுத்தால் போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆகவே 3¼ கிலோ யூரியா. மணிச்சத்துக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 2¼ கிலோ, அதாவது சுமார் 1.3 லிட்டர், நீரில் ஏற்கெனவே உள்ள பாஸ்பேட்டை இதிலும் கழித்துக்கொள்ளுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல, கையுறை கட்டாயம். மேலே உள்ள 3,000, 80, 15 எல்லாம் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஆலையின் லேப் ரிப்போர்ட் எண்களைப் போட்டுத்தான் கணக்குச் செய்ய வேண்டும்.

தவறுகள் நடக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, விவசாயத்துக்கு மானியத்தில் வரும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை ஆலைக்குத் திருப்பக்கூடாது. அது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். தொழில்தர யூரியா தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்க வேண்டும்.

காலையில் ஆள் வந்ததும் நாள் முழுவதற்குமான யூரியாவை ஒரே வாளியில் கரைத்துக் கொட்டிவிடுவதுதான் எங்கும் நடக்கிற தவறு. பகலில் தழைச்சத்து ஏராளம், விடியற்காலையில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன மணிகள் நிமிடக் கணக்கில் வேலை செய்பவை என்பதால், அந்த இரவுநேரப் பட்டினிக்குள் பசை கட்டத் தொடங்கிவிடும். மதியம் எடுத்த சாம்பிளில் அம்மோனியா நன்றாகவே தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தழைச்சத்து போதும் என்று முடிவுகட்டுவார்கள். 200 லிட்டர் டிரம்மில் கரைத்து, கழிவுநீர் வரும் வேகத்துக்கு ஏற்பச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சாம்பிளை மறுநாள் டிரம் நிரப்புவதற்குச் சற்று முன் எடுங்கள். இன்னொன்று, யூரியாவை யூரியேஸ் நொதி உடைத்த பிறகுதான் அது அம்மோனியாவாகும். உடையாத யூரியா அம்மோனியா சோதனையில் தெரியாது. தண்ணீர் தொட்டியில் சில மணி நேரமே நின்றால் யூரியா உடையாமலே வெளியே போய்விடலாம்.

அடுத்தது சுண்ணாம்பு. அமிலத்தன்மையைச் சமன் செய்யச் சுண்ணாம்பு போடும் அதே தொட்டியில் பாஸ்பாரிக் அமிலத்தையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகி வெள்ளையாக அடியில் படிந்துவிடும். பணம் செலவு, பாக்டீரியாவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. சுண்ணாம்பு முன்னால் சமன் தொட்டியில், பாஸ்பாரிக் அமிலம் ஏரேஷன் தொட்டியின் நுழைவாயில் பக்கம்.

யூரியா போடத் தொடங்கிய மூன்றாம் நாளே பலன் இல்லை என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பாக்டீரியாவின் மணி சீக்கிரம் அடங்கிவிடும். அதற்குள் கட்டிய பசை அங்கேயே இருக்கும். அதிகப்படி ஸ்லட்ஜைத் தினமும் வெளியே எடுத்துப் பழையது கழிந்து புதியது வர ஒன்று, இரண்டு ஸ்லட்ஜ் வயது, அதாவது பத்து முதல் இருபது நாள் பிடிக்கும்.

பயோகேஸ் கலனின் நோய் வேறு. அங்கே பெரும்பாலும் பிஎச்-தான் சிக்கல். மாவு வேகமாக அமிலமாகி பிஎச் 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் தயாரிப்பவை வேலையை நிறுத்திவிடும். (இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம், செய்தியில் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது.) ஏற்காட்டில் காபிப் பழம் உரித்துக் கழுவும் தண்ணீரும் இதே ரகம்: சர்க்கரையும் பெக்டினும் ஏராளம், தழைச்சத்து குறைவு, உடனே புளித்துவிடும். அதற்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

கிழங்கு வரத்து இல்லாத மாதங்களில் நிலைமை தலைகீழ். இப்போது தொட்டிக்குள் போகும் கார்பனே கிடையாது. கார்பன் மணியில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும், பிபிஜிபிபி-யும் கூடவே ஏறும். பாக்டீரியா சுருங்கிக் கடினப்படும், பேசில்லஸ் வகையில் பல, சில மணி நேரத்திலேயே வித்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். வாரம் ஓரிரு முறை கொஞ்சம் திப்பித் தண்ணீர் (மாவு எடுத்த கிழங்குச் சக்கையின் நீர்) விட்டு, விட்டு விட்டுக் காற்றடித்தால் பெரும்பகுதி ஸ்லட்ஜ் பிழைத்திருக்கும். சீசன் தொடங்கும்போது முதல் நாளே முழுச் சுமையை விடாதீர்கள். கால் பங்கில் ஆரம்பித்து, ஸ்லட்ஜ் ஒழுங்காகப் படிகிறதா என்று உருளையில் பார்த்துக்கொண்டே நான்கைந்து நாளுக்கொரு முறை கால் கால் பங்காகக் கூட்டுங்கள். யூரியாவும் பாஸ்பாரிக் அமிலமும் அதே விகிதத்தில்தான் ஏற வேண்டும். நீர்நிலையில் விடும் நீருக்கு அம்மோனியா தழைச்சத்து லிட்டருக்கு 50 மில்லிகிராம், கரைந்த பாஸ்பேட் 5 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. கால் பங்குச் சுமைக்கு முழு அளவு உரம் ஊற்றினால் மிச்சம் திருமணிமுத்தாற்றுக்கோ வசிஷ்ட நதிக்கோ போய்ப் பாசி வளர்க்கும்.

இப்படிக்கு,
கழிவுநீர் நுண்ணுயிரியல் துறை வாசகர்கள்,
சேலம்.